அம்மாவோடு நுவரெலியா மலையில் மூன்று இரவு: ஒரே ஓட்டல், ஒரே ஜன்னல்

மணிமுத்தாறு மேகம்

வெளிநாட்டுப் பயணம் பற்றி இங்கே எழுதுகிற பலரும் ஐந்து நாளில் எத்தனை ஊர் பார்த்தோம் என்றுதான் எழுதுகிறார்கள். நாங்கள் பார்த்தது ஒரே ஊர். இந்தப் பிப்ரவரியில் அம்மாவை இலங்கைக்குக் கூட்டிப் போனேன். நுவரெலியா பக்கத்தில் கந்தப்பளையில் ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி என்று ஒரு ஓட்டல் இருக்கிறது. மூன்று இரவும் அங்கேயே இருந்தோம். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

அம்மா மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 36 வருடம் கொழுந்து எடுத்தவர். 2024இல் மற்றவர்களோடு சேர்ந்து விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையை விட்டு இறங்கினார். இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் வாடகை வீடு. கீழே வந்த பிறகு வந்த முதல் கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி ஈரத்துண்டை மேலே போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் துபாயிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் “தூக்கம் வரலலே” என்பதுதான் பேச்சு. லீவில் வந்தபோது, காசிக்குப் போவோமா, ராமேஸ்வரம் போவோமா என்று கேட்டேன். “கோயிலு இங்கனயே இருக்கு. குளிரா ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. போர்வையப் போத்திப் படுக்கணும்” என்றார்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அன்றைக்கு இரவு நீர்கொழும்பில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற ஸ்டேஷன் நானுஓயா. அங்கே போய்ச் சேர ஏழு மணி நேரம் பக்கமாக ஆனது. ஹட்டன் தாண்டியதும் ரெண்டு பக்கமும் தேயிலைதான். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தார், அதிகம் பேசவில்லை.

ஓட்டல் வாசலில் வண்டி நின்றதும் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். “ஏல, ஃபேக்டரிக்குல்லா கூட்டிட்டு வந்திருக்க!”

நிஜமாகவே அது ஃபேக்டரிதான். ஹெதர்செட் என்ற தோட்டத்தின் பழைய தேயிலை ஆலை. 1970களில் ஓட்டம் நின்று, பிறகு 1996இல் ஓட்டலாகத் திறந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் இன்னும் ஆலை மாதிரியே, வரிசை வரிசையாக ஜன்னல். உள்ளே பழைய இரும்புத் தூண்களும் எஞ்சினும் பெரிய காற்றாடிகளும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் படுத்த அறை ஒரு காலத்தில் பச்சை இலையைப் பரப்பி வாட்டிய மாடி. பறித்து வந்த இலையை உடனே உருட்ட முடியாது. ஒரு ராத்திரி பூராவும் காற்றுப் பட விட்டு, ஈரம் பாதியளவுக்குக் குறைந்து இலை துவண்ட பிறகுதான் ரோலருக்குப் போகும். மேல்மாடிகளில் அத்தனை ஜன்னல் வைத்ததே அதற்காகத்தான். இதை எனக்குச் சொன்னது ஓட்டல்காரர்கள் இல்லை, அம்மா. கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, “எல படுத்துக் கெடந்த எடத்துலயா நம்மளப் படுக்கச் சொல்லுதாவ” என்றார்.

முதல் நாள் விடிந்ததும் எழுந்து போர்வையை நான்காக மடித்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்து, டீ குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, குளியலறைத் தரையையும் துடைத்துவிட்டார். அறை சுத்தம் செய்ய வந்த பெண் பார்த்துப் பதறிப்போய், “அம்மா, இது என் வேலை” என்றாள். தமிழ்ப் பெண். பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து, வருகிறாள். அம்மா உடனே, “எந்த டிவிசன் தாயி?” என்று தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டார். அவ்வளவுதான், கால் மணி நேரம் ரெண்டு பேரும் நின்றபடியே பேசினார்கள். அவளுடைய அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாராம்.

இரண்டாம் நாளும் போர்வையை மடித்தார், ஆனால் கோப்பையைக் கழுவவில்லை. காலை வெயில் ஏறுகிற நேரத்தில் எதிர்ச்சரிவில் பெண்கள் ஏறினார்கள். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலோரம் நின்றுவிட்டார். “அந்த வரிசைய விட்டுட்டுப் போறாவ பாரு. கொழுந்து முத்திப் போச்சு. ரெண்டு நாளைக்கு முந்தியே எடுத்திருக்கணும்” என்றார். அரை மணி நேரம் நின்றிருப்பார். காலில் கம்பளி உறை, கையில் டீ.

அங்கே விருந்தாளிகளுக்குச் சேலை கட்டிவிட்டு, கூடையும் கொடுத்து, கொழுந்து எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். பறித்த இலையைச் சின்ன ஆலையில் தூளாக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாகப் போகிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டபோது, “வேண்டாம் தாயி, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் நான் கண் விழித்தபோது அவர் கட்டிலில் இல்லை. போர்வை சுருண்டு பாதி தரையில் கிடந்தது. அம்மா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மணி எட்டேமுக்கால். அம்மா எட்டேமுக்காலுக்குத் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஓய்வு என்பது அவருக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. முதலில் பேசிய ஏஜெண்ட் கண்டி ஒரு ராத்திரி, நுவரெலியா ஒன்று, எல்ல ஒன்று, கடற்கரை ஒன்று என்று போட்டுத் தந்திருந்தார். அதன்படி போயிருந்தால் அம்மா நான்கு ஊரில் நான்கு தடவை போர்வை மடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

பேட்டை பாய்

தம்பி, வாசிக்க நிறைவாக இருந்தது. செலவு எவ்வளவு ஆச்சு? மறைக்காமல் சொல்லுங்க, எங்க உம்மாவுக்கும் யோசிக்கிறேன்.

மணிமுத்தாறு மேகம்

மறைக்க ஒன்றுமில்லை பாய். இருவருக்கு, மூன்று இரவுக்கு, காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து நம்ம பணத்தில் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. விமானம், ரயில், வண்டி எல்லாம் தனி. ஏப்ரலில் போகாதீர்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அங்கே வசந்த காலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மலை ஏறிவிடும். வாடகையும் ஏறும், அமைதியும் இருக்காது.

அம்பை வாசகன்

தப்பாக நினைக்க வேண்டாம். குளிர்தான் வேண்டும் என்றால் கொடைக்கானல் இருக்கிறது, மூணாறு இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த மாஞ்சோலையே இருக்கிறது. ஒரு நாள் பாஸ் வாங்கி நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டிக் கூட்டி வந்தால் போதாதா? கடல் தாண்டிப் போய் இவ்வளவு கொட்ட வேண்டுமா?

மணிமுத்தாறு மேகம்

அண்ணாச்சி, மாஞ்சோலைக்குத்தான் முதலில் கேட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்தவர் மாதிரி செக்போஸ்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போய், பூட்டிக் கிடக்கிற லைன் வீட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கி வர அவருக்கு மனசு வரவில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து கம்பெனி 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. 2028இல் குத்தகை முடிகிறது என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் இறங்கும்போது வலித்தது. அதே வாசனை, அதே குளிர், ஆனால் அவருடைய வீடு இல்லாத ஒரு மலை வேண்டியிருந்தது. கொடைக்கானலில் தேயிலை வாசனை ஏது? மூணாறு நல்ல யோசனை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தடவையாவது விமானத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பை வாசகன்

சரி தம்பி. அது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்

எந்த மாதம் போகலாம் என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். நமக்குப் புரிகிற கணக்குதான் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புனலூர் நனையும், இந்தப் பக்கம் தென்காசிக்குச் சாரல் வரும், திருநெல்வேலி காயும். இலங்கையிலும் நடுவில் மலை நிற்பதால் அதே கதைதான். ஜூன், ஜூலையில் நமக்குக் குற்றாலம் சீசன் களைகட்டும்போது ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும். மலைக்குக் கிழக்கே பதுளை, பண்டாரவளை, எல்ல பக்கம் அப்போது காய்ந்த காற்று வீசும். அதைக் கச்சான் என்பார்கள். நம்ம தூத்துக்குடிக் கடலோரத்திலும் மேல்காற்றுக்கு அதே பெயர்தான். அந்தக் காற்றில் இலை வளர்ச்சி குறைந்து சாறு கட்டுவதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கத்து ஊவா தேயிலைக்குத் தனி மணம் வரும். ஆகவே பிள்ளைகள் லீவை வைத்து ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்கிறவர்கள் பண்டாரவளைப் பக்கம் ஓட்டல் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் என்றால் நுவரெலியா. ஆனால் அங்கே ஜனவரி, பிப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிகிற நாளும் உண்டு. நம்ம ஊர் சால்வை போதாது.

மழை மாதங்களில் மண்சரிவால் பாதை அடைபடும், ரயில் நிற்கும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாளை ஓய்வாசிரியர்

நானும் என் மனைவியும் 2018இல் சுவிட்சர்லாந்து போனோம். எட்டு நாளில் மூன்று நாடு காட்டும் குழுப் பயணம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அதில் நினைவில் நிற்பது வெங்கன் என்ற மலைக் கிராமத்தில் தங்கிய இரண்டு இரவுகள் மட்டுமே. அங்கே கார் போக வழி கிடையாது. கீழே லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து பல்சக்கர ரயிலில்தான் ஏற வேண்டும். ஓட்டல் பால்கனியில் உட்கார்ந்தால் மாட்டு மணிச் சத்தமும், தூரத்தில் அருவி விழுகிற இரைச்சலும் தவிர ஒன்றும் கேட்காது. அந்தப் பால்கனியில் அரை மணி நேரம்கூட எங்களை உட்கார விடவில்லை. காலை ஆறரைக்கு எழுப்பி யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை உச்சிப் பக்கம் ஏற்றினார்கள். 1912இல் திறந்த ரயில், மலைக்குள் குடைந்த சுரங்கப் பாதை, 3,454 மீட்டரில் ஸ்டேஷன். வியப்புதான், சந்தேகமில்லை. ஆனால் மேலே போனதும் என் மனைவிக்குத் தலைவலி, குமட்டல், நடக்கவே முடியவில்லை. காற்று மெலிந்த உயரத்துக்கு இரண்டே மணி நேரத்தில் ஏற்றிவிட்டால் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? பனியைத் தொட்டுப் பார்க்காமலே திரும்பினார். இன்றைக்கும் அந்தப் பால்கனியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். அந்த உயரத்தில் பெரும்பாலும் மூச்சுத் தொந்தரவு வராது. இதயம், நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகலாம். தம்பி எடுத்த முடிவு சரியானது. எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லாமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது.

நாங்குநேரி தேன்மொழி

சாப்பாடு எப்படி? எங்க அத்தை சுத்த சைவம். வெளியூரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க யோசிப்பார்கள்.

மணிமுத்தாறு மேகம்

அக்கா, அதில் கவலை வேண்டாம். காலையில் இடியாப்பமும் சொதியும் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஆச்சரியம். “இன்னைக்கு இங்க என்ன மறுவீடா?” என்று கேட்டார். நமக்குச் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. காய்கறி, பாசிப்பருப்பு, தேங்காயில் மூன்று பால் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு. அங்கே அது தினச் சாப்பாடு. காய் அதிகம் இல்லாமல், மஞ்சள் போட்டு, தண்ணீராக, எலுமிச்சை பிழிந்து இருக்கும். ருசி வேறு, சொந்தம் தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனம். தேங்காய்ச் சம்பலில் பல இடத்தில் மாசிக் கருவாடு இடித்துச் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. முன்கூட்டியே “மாசி போடாமல்” என்று சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருகிறார்கள். தயிருக்கு அங்கே எருமைத் தயிர், மண்சட்டியில் கெட்டியாக வரும், கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்கள். அம்மா பாணியைத் தொடவில்லை, தயிரைச் சோற்றில் போட்டுப் பிசைந்தார்.

டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீங்கான் குடுவையில் வடித்த டீ வந்தது. அம்மா நிறத்தை வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார். “நல்ல தூள்” என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், பாலில் போட்டுக் கொதிக்கவைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மூன்று நாளும் அப்படியே கொண்டுவந்தாள். மாஞ்சோலையில் இருந்த காலத்தில் இந்த உசத்தித் தூள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது டஸ்ட் என்கிற பொடித் தூள்தான்.

ஹட்டன் மழை

வணக்கம். நான் இலங்கை மலையகத்தவன். இந்த இழையைத் திருநெல்வேலி நண்பர் ஒருவர் அனுப்பினார்.

அந்த அம்மா “எந்த டிவிசன்?” என்று கேட்டாரே, அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் ஆட்கள் முதன்முதல் ஒருவரை ஒருவர் கேட்பதும் அதைத்தான். என் அப்பாவின் ஆச்சி கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். தூத்துக்குடிக்குக் கிட்ட தட்டப்பாறை முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலில் ஏற்றினார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கும் முந்தின கோப்பி (காப்பி)த் தோட்டக் காலத்தில் வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தே மாத்தளைக்கு வந்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு, பத்து இருபது வருடத்தில் கோப்பியே அழிந்தது. எங்கள் சனம் கோப்பிக் காட்டிலிருந்து தேயிலைக் காட்டுக்கு மாறியது. 1948இல் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி என் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் இருக்கிறது. நாங்கள் இங்கே.

கேட்கிறவர்களுக்கு ஒரு விடயம். இப்படியான ஓட்டல்களில் தங்குவது சரியா, எங்கள் ஆட்கள் கஷ்டப்பட்ட இடத்தில் சொகுசு தேடுவதா என்று சிலர் தயங்குகிறார்கள். என் அபிப்பிராயம், வாருங்கள். லயத்துப் பிள்ளைகள் பலருக்குக் கூடை தூக்காத முதல் வேலை இந்த ஓட்டல்களில்தான் கிடைத்திருக்கிறது. என் தங்கையும் ஒரு ஓட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். வந்தால் தமிழில் பேசுங்கள். அன்பளிப்புக் கொடுப்பதென்றால் அறையைச் சுத்தம் செய்தவரின் கையிலேயே கொடுங்கள். நேரம் இருந்தால் சீதா எலிய கோயிலுக்கும் போய் வாருங்கள், நுவரெலியாவிலிருந்து ஹக்கல போகும் பாதையில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

பேட்டை பாய்

ஹட்டன் தம்பி, எங்க வாப்பாவின் வாப்பா கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மறுபடி விட்டபோது எங்க உம்மா அதில் போக ஆசைப்பட்டார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன், அந்த வருடம் முடிவதற்குள் கப்பலே நின்றுபோனது. இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன்.

வண்ணாரப்பேட்டை மைதிலி

நானும் அம்மாவைக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன். மலை ஓட்டல்களில் பழைய கட்டிடம் என்றால் லிஃப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். நாங்கள் தங்கிய ஒரு பழைய பங்களாவில் (வேறு ஊர், பெயர் வேண்டாம்) படுக்கை அறைக்கு இருபத்தெட்டுப் படி. அம்மாவுக்கு முழங்கால் வலி. சாப்பிட இறங்குவதற்கே யோசித்து, கடைசியில் மூன்று வேளையும் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டோம். சுடுதண்ணீரும் காலை ஒன்பது மணிக்குத் தீர்ந்துவிடும். படங்களில் கணப்பு எரிவது அழகாகத்தான் இருக்கும். அது வரவேற்பறையில் எரிகிறதா, நம்ம அறையில் எரிகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

மணிமுத்தாறு மேகம்

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நானும் போன் பண்ணி லிஃப்ட் கேட்டேன். அங்கே இருக்கிறது, பழைய ஆலைச் சட்டத்துக்கு நடுவே இயந்திரம் தெரிகிற மாதிரி ஓடுகிறது. அம்மாவுக்கு முதல் தடவை பயம், பிறகு பழகிவிட்டார். ராத்திரி கேட்டால் சுடுதண்ணீர்ப் பை கொண்டுவந்து காலடியில் வைக்கிறார்கள். கேட்க வேண்டும், தானாக வராது. முதல் ராத்திரி எனக்குத் தெரியாமல் அம்மா குளிரில் ரெண்டு தடவை எழுந்திருக்கிறார்.

நாங்குநேரி தேன்மொழி

இப்போ விக்கிரமசிங்கபுரத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா தம்பி?

மணிமுத்தாறு மேகம்

திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் நல்லாத் தூங்கினார். மறுபடி வெயில் ஏறியதும் பழையபடிதான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். வீட்டு மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் துபாய் திரும்பினேன். அந்த ஓட்டல் பெண்ணின் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் அங்கே மழை பிடித்து நிற்கவில்லை என்று சொன்னாளாம். அம்மா எனக்குப் போன் பண்ணி, “அந்தப் புள்ளையோட அம்மைக்கு மழைக்குக் கட்டிக்கிட ஒரு நல்ல படுதா வாங்கிக் குடுத்து விடணும்லே, யாராவது அங்க போனா சொல்லு” என்றார்.

பேட்டை பாய், நீங்கள் எப்போது போகிறீர்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.